கவச அறைக்குள் ஒரு பகல்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும், உன் வீட்டுக்காரியின் இருமல் எந்த மட்டில் இருக்கிறது என்பதற்கும் உடனே பதில் போடு. கைவைத்தியம் போதும், டாக்டரிடம் போ என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்.

மகள் வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அவளுக்கு இன்னும் இருபது நாளில் என்று சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை தங்கமானவர். கழுவிய பாத்திரங்களைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைப்பதைத் தவிர அவரிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. போன் பண்ணக்கூடாதா என்று கேட்பாய். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊரார் பேச்சுக்கெல்லாம் லைன் கொடுத்தவளுக்கு அந்தக் கருவியைக் கண்டாலே காது வலிக்கிறது. உன் டிங்கரிங் பட்டறைக்குப் போன் பண்ணினால் பஸ்ஸை அடிக்கிற சத்தம்தான் கேட்கும், உன் குரல் கேட்காது.

வழியில் ரயில் மாற வேண்டியிருந்தது. காலை ஒன்பதுக்கு இறங்கினேன், அடுத்த வண்டி மாலை ஏழுக்கு. தூறல் வேறு. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் அருங்காட்சியகம். அலங்காரக் கலைப் பொருள்களும் கவசங்களும் என்று பலகையில் எழுதியிருந்தது. பையையும் குடையையும் வாசலில் வாங்கிக்கொண்டு பித்தளை டோக்கன் கொடுத்தார்கள். நம்பர் 41.

கீழ்த்தளம் முழுக்க அழகுச் சாமான்கள். ஒரு மேஜைக் கடிகாரம், மணி அடிக்கும்போது அதிலிருந்து ஒரு குருவி வெளியே வந்து தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகிறது. பதினோரு மணிக்குப் பார்த்தது போதாமல் பன்னிரண்டு மணிக்கும் போய் நின்றேன். விரல் நீளப் பொடி டப்பாக்கள் ஒரு கண்ணாடிப் பெட்டி நிறைய. ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு தோட்டம், ஒரு ஏரி, மீன்பிடிக்கும் ஆள். மூக்குப்பொடி போடுகிறவன் எவன் மூடியைப் பார்த்திருப்பான்? முத்துச்சிப்பி பதித்த அலமாரி ஒன்றில் முப்பத்தாறு இழுப்பறைகள், அதில் நாலு வெளியே தெரியாதவையாம். நமக்கு முழு வீட்டுக்கும் ஒரே இழுப்பறை, அதில் கத்தரிக்கோல் எப்போதும் இருக்காது.

மேல்தளத்தில் கவசங்கள். உயரமான கூடம். நடுவில் ஒரு குதிரை, அதற்கும் இரும்புச் சட்டை. சுவரோரம் நாற்பது ஐம்பது இரும்பு மனிதர்கள் வரிசையாக, உள்ளே ஆள் இல்லாமல். நுழைந்ததும் பயம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொன்று வந்தது. அப்பாவின் டிரங்குப் பெட்டிப் பட்டறையில் மீந்த தகட்டைக் கயிற்றால் மார்பில் கட்டிக்கொண்டு நாம் மூன்று பேரும் சண்டை போடுவோமே, நினைவிருக்கிறதா? உனக்கு ஐந்து வயது. குத்துப்பட்டுச் செத்து விழச் சொன்னால் விழமாட்டாய், "நான் இன்னும் சாகல" என்று கத்திக்கொண்டு ஓடுவாய். அந்த வால்தனத்தால்தானே உனக்கு வாலு என்று பெயர் வந்தது.

மார்பில் பள்ளம் விழுந்த ஒரு கவசத்தைச் சரி செய்துகொண்டிருக்கிறார்கள். உன் தொழிலாயிற்றே என்று நின்று பார்த்தேன். மாலை வரை அங்கேயே பொழுது போய்விட்டது. முட்டி வலிதான் மிச்சம்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் பஸ் கூரை மேல் ஏறாதே.

அன்புடன்,
அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இருமல் நின்றுவிட்டது. டாக்டர் கொடுத்த மருந்தாலா கைவைத்தியத்தாலா என்று வீட்டில் வழக்கு நடக்கிறது. நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை இவள்தான் சத்தமாகப் படித்தாள். "நாம் மூன்று பேரும்" என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் சாவி தேடுகிற மாதிரி எழுந்து பட்டறைக்குப் போய்விட்டேன். இந்த வீட்டில் அப்படி ஒரு கணக்கைச் சொல்லி முப்பத்து நாலு வருஷம் ஆகிறது அக்கா. நீயும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது இரும்புச் சட்டையைப் பார்த்ததும் வந்துவிட்டதாக்கும். இருக்கட்டும்.

அதை விடு. அந்தப் பள்ளம் விழுந்த மார்புக் கவசம். எத்தனை ஆழம்? உள்ளிருந்து அடித்து எடுக்கிறார்களா, சூடு காட்டுகிறார்களா? பழைய இரும்பைச் சூடு காட்டினால் நிறம் ஓடிவிடுமே. அடித்தால் மெலிந்த இடத்தில் விரிசல் விடும். பஸ் என்றால் மேலே மாவு பூசிப் பெயின்ட் அடித்து மறைத்துவிடுவேன், அவர்கள் எப்படி மறைப்பார்கள்? உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் குருவிக் கடிகாரத்தைப் பற்றியே எழுது.

மகள் நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும்.

உன் தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

பெண் குழந்தை. இருபத்து மூன்றாம் தேதி காலை பத்தே காலுக்கு. தாயும் சேயும் நலம். மூக்கு நம் வீட்டு மூக்கு, பாவம். நீ தாத்தாவாகிவிட்டாய், இனியாவது மீசையை ஒழுங்காக வெட்டு.

குழந்தை தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன். அந்தப் பள்ளத்தை அவர்கள் அடிப்பதே இல்லையாம். சூடும் இல்லை. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்றாக, அந்த வளைவுக்கே செதுக்கிய மரக்கட்டைகளை வைத்து, நடுவில் தோல் கொடுத்து, திருகுப்பிடியில் மாட்டிவிடுகிறார்கள். ஒரு நாளைக்குக் கால் திருகு. அவ்வளவுதான். மறுநாள் மறுபடி கால் திருகு. இரும்பு தானாக ஞாபகப்படுத்திக்கொண்டு பழைய இடத்துக்குப் போகிற வரை காத்திருக்க வேண்டும், அவசரப்படுத்தினால் முறைத்துக்கொள்ளும். முழுக்கப் போகாத பள்ளத்தை மறைக்கக்கூடாது, அப்படியே விட்டுவிட வேண்டும், அதுவும் அதற்கு நடந்ததுதானே. கடைசியில் எண்ணெய் தொடவே கூடாது, தூசி பிடிக்கும். ஒரு வகை மெழுகை விரலால் தேய்க்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. திருகை முடுக்குகிற வேலையை இரண்டு பேர் சேர்ந்து செய்கிறார்கள். ஒரு அம்மா கட்டையைப் பிடிக்கிறாள், இன்னொருவர் திருகுகிறார். அந்த அம்மா கையை எடுத்துவிட்டு, "சரி" என்று மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது "சரி" காதில் விழுந்த பிறகும் அவர் குனிந்து, கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார். அப்புறம்தான் திருகுகிறார். கால் திருகுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்! அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், பழகிவிட்டது போல.

குழந்தை அழுகிறது. மற்றவை பிறகு.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

குழந்தைக்கு என் ஆசி. இவள் துணி தைத்து வைத்திருக்கிறாள், தனியாக அனுப்புகிறோம்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீ வாழ்க்கையில் ஒரு ஆணி அடித்ததில்லை. உன் வீட்டுக் காலண்டரை மாட்டக்கூட நான்தான் வந்தேன். தோல் வைப்பது, கால் திருகு, இரும்பு ஞாபகப்படுத்திக்கொள்வது, முறைத்துக்கொள்வது... இதெல்லாம் நின்று பார்த்து வருகிற பேச்சு இல்லை. உட்கார வைத்து உனக்கு யாரோ பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். இரும்பு முறைத்துக்கொள்ளும் என்று சொல்கிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான்.

ரயில் அட்டவணையையும் எடுத்துப் பார்த்தேன். மகள் வீட்டுக்குப் போகிற வழியில் அந்த ஊர் இல்லை. நேர்வண்டியில் போயிருந்தால் ஒரு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பாய். வயிற்றுப்பிள்ளைக்காரியைக் காக்க வைத்துவிட்டு, முட்டி வலியோடு, குருவி பார்க்கவா சுற்றிப் போனாய்?

யார் அந்த ஆள்?

தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. குழந்தைக்கு வயிற்றில் காற்று, மகளுக்குத் தூக்கமில்லை, எனக்கு இரண்டும். அனுப்பிய துணிகள் அளவாக இருந்தன. மஞ்சள் சட்டையில் எடுத்த படம் வைத்திருக்கிறேன், பார். முகம் சுளிப்பது காற்றால், உன் தையல்காரியின் குறை அல்ல.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை இப்போது பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கிறார்.

உன் மற்றக் கேள்வியும் வந்து சேர்ந்தது.

அன்புடன்,
அக்கா


மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள்.

நீ சொல்லமாட்டாய் என்று புரிந்துவிட்டது. யாரிடமோ வாக்குக் கொடுத்திருக்கிறாய். உன் வாயிலிருந்து ரகசியத்தைப் பிடுங்க முடியாது. ஊர்க் கதை முழுக்கக் காதில் வாங்கியும் ஒன்றைக்கூட வீட்டில் சொல்லாதவள் நீ. ஆகவே நான் ஒன்று சொல்கிறேன். இதை இவளிடம்கூடச் சொன்னதில்லை.

உனக்குத் தெரிந்த கதை இதுதான். எனக்குப் பதினேழு வயது. அப்பா பட்டறையில் தகடு வெட்டும் மெஷினில் அண்ணன் காலால் மிதிப்பார், நான் கையால் தகடு கொடுப்பேன். ஒரு நாள் நான் கையை எடுக்குமுன் அவர் மிதித்துவிட்டார். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அப்பா திட்டினார். மூன்றாம் நாள் அண்ணன் வீட்டை விட்டுப் போய்விட்டார். விலாசம் இல்லாமல் இரண்டு கார்டு போட்டார், அவ்வளவுதான். அப்பா போன சமயத்தில்கூடச் சொல்லி அனுப்ப வழியில்லை. தம்பி விரலை வெட்டிவிட்டு ஓடிப்போனவன் என்று ஊர் பேசியது. நானும் அவர் பேரை எடுத்தாலே எழுந்து போவேன். நீங்கள் எல்லோரும் கோபம் என்று நினைத்தீர்கள்.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது அக்கா. தகட்டை வைத்துவிட்டு, கையை எடுத்துவிட்டு, நான் "ம்" என்று சொல்ல வேண்டும். "ம்" கேட்டால்தான் அவர் மிதிப்பார். ஒரு நாளும் முந்தி மிதித்ததில்லை. அன்றைக்கு நான் "ம்" சொன்னேன். சொன்ன பிறகு தகடு கொஞ்சம் கோணலாக இருப்பது தெரிந்தது. நேராக்கக் கையை மறுபடி உள்ளே விட்டேன். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டார். அண்ணன், "இவன் 'ம்' சொன்னான்பா, எனக்குக் கேட்டுச்சு" என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "சொன்னியாடா?" என்றார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

ஏன் என்று கேட்காதே. வலி, பயம், அப்பாவின் முகம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் அப்படி நினைத்தேன். மூன்றாம் நாள் அவர் இல்லை. அப்பா இருக்கும் வரை அவரிடமும் சொல்லவில்லை.

மூன்று தடவை "சரி" கேட்டு, குனிந்தும் பார்க்கிற ஆள் யார் என்று உன் கடிதம் படித்த அன்றே தெரிந்துவிட்டது. அன்று முழுக்கச் சுத்தியலைத் தொடவில்லை.

இப்படிக்கு,
தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். திட்டத்தான் உட்கார்ந்தேன். பதினேழு வயதுப் பையன் கட்டுப் போட்ட கையோடு கண் முன்னால் வந்து நிற்கிறான், திட்ட வரவில்லை. ஐம்பத்தொரு வயதுக்காரனை வேண்டுமானால் நேரில் திட்டுகிறேன்.

நீ சொல்லிவிட்டாய், இனி என் வாக்குக்கு வேலை இல்லை.

ஜனவரியில் ஒரு பழைய பத்திரிகையில் பார்சல் சுற்றி வந்தது. அதில் அந்த அருங்காட்சியகத்தைப் பற்றிய கட்டுரை. கவசம் ஒன்றைக் குனிந்து துடைக்கிற ஒருவரின் பாதி முகம் படத்தில் இருந்தது. நம் வீட்டு மூக்கை எனக்குத் தெரியாதா? அதனால்தான் சுற்றிப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, இல்லை என்று ஆகிவிட்டால் எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டுமே என்று. குருவிக் கடிகாரத்தின் முன்னால் இரண்டு மணி நேரம் நின்றது மாடி ஏறத் தைரியம் இல்லாமல்தான்.

கவசக் கூடத்தின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பட்டறை. மேலங்கி போட்டுக்கொண்டு, தலை முழுக்க நரைத்து, அண்ணன். கண்ணாடியைத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தான், அடையாளம் தெரியவில்லை. கதவைத் திறந்து, "அண்ணா" என்றேன். குரலைக் கேட்டதும் கையிலிருந்த துணியை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், மேஜையில் வைத்தான். "நீ வெயிட் போட்டிருக்கே" என்றான். முப்பத்து நாலு வருஷத்துக்கு இதுதான் முதல் வார்த்தை.

அப்பா போனதைச் சொன்னேன். எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுவிட்டு வந்தான். அப்புறம் கேட்டான். "அவன் கை எப்படி இருக்கு?" நீ எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை. பஸ்ஸே தூக்குகிறான் என்றேன். "எந்தக் கையால?" என்று கேட்டான். அதற்கு மேல் உன்னைப் பற்றிப் பேசவில்லை. பேச்சை மாற்ற இரும்பைப் பற்றிச் சொன்னான், சொன்னதெல்லாம் உனக்கு எழுதிவிட்டேன். கிளம்பும்போது, "என்னைப் பாத்தேன்னு அவன்கிட்ட சொல்லாத. மறந்திருப்பான். கிளற வேண்டாம்" என்று வாக்கு வாங்கிக்கொண்டான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி ஓர் அறை. வருகிற ஆகஸ்டோடு ஓய்வு. இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது. இரும்பை விரலால் தடவித்தான் வேலை செய்கிறான். ஜூலை பதினாலாம் தேதி ஆபரேஷன். கூட யார் இருப்பார்கள் என்று கேட்டதற்கு, "ஆஸ்பத்திரியில ஆள் இருப்பாங்க" என்றான்.

உன் கடிதத்தை அவனுக்கு அனுப்பட்டுமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மாட்டேன். அது நீ வாயால் சொல்ல வேண்டியது. என் வேலை லைன் கொடுப்பது மட்டும். பேச வேண்டியவர்கள் நீங்கள்.

விலாசம் பின்பக்கம்.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இரண்டு பஸ் கூரை கழற்றிப் போட்டது போட்டபடி கிடக்கிறது. ஒன்று பதினைந்தாம் தேதிக்குள் போயாக வேண்டும். வெல்டரும் ஊரில் இல்லை. இவளுக்கு மறுபடி லேசாக இருமல். ஆகஸ்டில் பார்க்கலாம்.

உண்மையைச் சொன்னால், எந்த முகத்தோடு போய் நிற்பேன்? கோபக்காரன் என்றாவது என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார். போய்ச் சொன்னால் அதுவும் போய்விடும்.

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

ஆகஸ்டில் அவனுக்குக் கண் தெரியும். நீ வந்து நிற்பதைப் பார்ப்பான், உன் முகத்தையும் பார்ப்பான். அது உனக்குச் சுலபமாக இருக்குமா? யோசி.

உன் மனைவிக்கு இருமல் இல்லை. போன் பண்ணிக் கேட்டேன். பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டாளாம்.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

அண்ணன் அறையிலிருந்து எழுதுகிறேன். சுகமாக வந்து சேர்ந்தேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். நீ குருவி முன்னால் நின்றாய். நான் அலமாரி முன்னால் நின்றேன். ரகசிய இழுப்பறை நாலில் இரண்டைக் கண்டுபிடித்தேன், அடியில் பலகை தடிமன் வித்தியாசப்படுகிறது. அப்புறம் பீங்கான் தட்டுகள், பூட்டுகள், விசிறிகள். விசிறியை எல்லாம் நான் எதற்குப் பார்க்கிறேன்? மாடிப்படி கண்ணில் படாமல் இருக்கத்தான்.

மாலை நாலு மணிக்குத்தான் மேலே ஏறினேன். நீ எழுதியது சரி, முதலில் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழில் புத்தி விடுமா? கயிறு கட்டி நிறுத்தியிருந்த ஒரு கவசத்தின் தோள் வளைவு. ஒரு தையல் இல்லை, ஒரு ஒட்டு இல்லை, ஒரே தகட்டை அப்படித் தட்டி வளைத்திருக்கிறான் மகராசன். என்ன கனம் இருக்கும் என்று கயிற்றுக்கு மேலாக எட்டி, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்தேன். காவலுக்கு இருந்த அம்மா, "சார்! தொடக்கூடாது சார்!" என்று போட்ட கூச்சலில் கூடமே அதிர்ந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது.

"யாரு தகட்டைத் தட்டிப் பாக்கறது?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் வந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். அப்பா பட்டறையில் தகட்டை எடுக்கும்போதெல்லாம் நான் தட்டிப் பார்ப்பேனே, அதே இரண்டு தட்டு.

"வாலு?" என்றார்.

உள்ளே கூட்டிப்போய் முக்காலியில் உட்கார வைத்தார். என் இடது கை பாக்கெட்டில் இருந்தது. அவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "பட்டறை எப்படிப் போகுது? பிள்ளைங்க?" என்று எதையோ கேட்டார். இப்போது விட்டால் மறுபடி முப்பத்து நாலு வருஷம் என்று தோன்றியது. ரயிலில் வரும்போது ஒரு பக்கத்துக்குப் பேச்சு தயார் செய்திருந்தேன். அதில் ஒரு வரிதான் வந்தது.

"அண்ணா, நான் 'ம்' சொன்னேன்" என்றேன்.

அவருக்கு எது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான். அப்புறம் நான்தான் கையை மறுபடி உள்ளே விட்டேன். அப்பாகிட்ட பொய் சொன்னேண்ணா."

அவர் மேஜை மேல் இருந்த மெழுகு டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி மூடினார்.

"டேய், அந்த ஒரு நொடியை நான் எத்தனை தடவை திருப்பித் திருப்பிக் கேட்டுப் பாத்திருப்பேன் தெரியுமா? சில நாள் கேக்கும். சில நாள் கேக்காது. வயசாக ஆகக் கேக்காத நாள்தான் அதிகம். நாமதான் தப்பாக் கேட்டுட்டோம், பொய்யா உன் மேல பழி போட்டோம்னு..." என்று நிறுத்திவிட்டார். அப்புறம், "நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார்.

வெளியே போய் இரும்பு மனிதர்களோடு ஒருவனாக நின்றேன். ஒரு மணி நேரம் இருக்கும். காவல் அம்மாவுக்கே என் மேல் இரக்கம் வந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டாள். உள்ளே வேலை நடக்கிற சத்தமே இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் அக்கா. அந்தக் காலத்தில் அடிப்பாரே, அப்படி.

மூடும் மணி அடித்தது. அண்ணன் வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"எங்க தங்கியிருக்க?"

"எங்கயும் இல்லண்ணா."

"பை எங்க?"

"கீழ வாங்கி வச்சுக்கிட்டாங்க. டோக்கன் குடுத்தாங்க."

"ஆறு மணிக்கு மேல குடுக்கமாட்டான்டா முட்டாளே. ஓடு!"

ஓடினேன். ஐம்பத்தொரு வயதில், நாற்பது இரும்பு மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக. பின்னாலேயே அவர் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கி வருகிற சத்தம் கேட்டது.

அறையில் ஒரே கட்டில். நான் தரையில் என்றேன், அவர் தரையில் என்றார். கடைசியில் இரண்டு பேரும் தரையில்.

நாளை மறுநாள் ஆபரேஷன். பஸ் கூரைகளை வெல்டர் பார்த்துக்கொள்வார். அவர் ஊரில்தான் இருக்கிறார்.

உன் தம்பி


ஜூலை 31

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டதா? நான் சட்டத்தோடு கழற்றி எடுத்து வந்த குழந்தைப் படத்தை அண்ணன் மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூக்கு தப்பல" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து. மூன்று விரல் கையால் இமையை விரித்துப் பிடித்து, மற்றக் கையால் விடுகிறேன். "ஆடாமப் பிடிடா, பஸ்ஸுக்கு டிங்கரிங் பண்ற மாதிரி பண்ணாத" என்று நாலு வேளையும் திட்டு. நான் சமைத்ததற்கும் திட்டு. முதல் வாரம் எங்களுக்குள் பேச்சு சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று சாப்பாட்டின் நடுவே, "அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்டா" என்பார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்பார். இன்னும் கேட்பார் என்று நினைக்கிறேன். கேட்கட்டும்.

ஓய்வுக்குப் பிறகு நம் ஊருக்கு வருவதாக அவர் சொல்லவில்லை. "உன் பட்டறைல வெளிச்சம் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். கிழக்கு என்றேன். சரி என்றார்.

இன்று காலை கடைசியாகக் காட்டப் போனோம். டாக்டர் புதுக் கண்ணாடி கொடுத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தார். வெளியே வந்து பஸ்ஸுக்காக நிற்கும்போது தெருவையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்துக்கும் இவ்வளவு கலரா?" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ ஏன்டா இவ்வளவு கிழவனாயிட்டே?" என்றார். அப்புறம் கையை நீட்டினார்.

"காட்டு."

அக்கா, அவர் என் கையைக் கட்டோடு பார்த்துவிட்டுப் போனவர். அவிழ்த்த பிறகு அவர் பார்த்ததே இல்லை. பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் அந்தத் தழும்பின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினார்.

"நல்லாத்தான் தெச்சிருக்கான்" என்றார்.

"ஆமாண்ணா."

"வலிச்சுதா?"

"அப்ப வலிச்சுது."

கையைப் பிடித்தபடியே நின்றார். பஸ் வந்தது. இரண்டு கிழவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே படியில் ஏறப் பார்த்தால் முடியுமா? கதவில் சிக்கிக்கொண்டு நின்றோம். பின்னால் கூட்டம் முணுமுணுக்கிறது.

"பெரியவரே, ஒருத்தர் ஒருத்தரா ஏறுங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

அண்ணன் விடவில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி